வீருக்குப் போய் விப்பு

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். திருச்செங்கோட்டுக்குக் கிட்டே ஒரு தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்த வீட்டிலேயே எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லையென்றால் பொய்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைச் சிலேட்டு முன்னால் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். முதலில் தண்ணீர் தவிக்கும். பிறகு வயிறு வலிக்கும். வயிற்றுவலிக்குக் காரணம் எனக்குத் தெரியும். எழுதக் கொடுத்த குச்சியில் பாதியைத் தின்றிருப்பாள்.

அவர் ஏற்கெனவே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்தப் பரிச்சையில தேறலீன்னா நின்னுக்கட்டும் புள்ள. தார் சுத்த ஆளில்லாம நானே எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன்." தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் குச்சியில் நூல் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. ஒரு தரம் அந்த ராட்டையில் உட்கார்ந்த பெண்பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போனதை நான் பார்த்ததில்லை.

இவளோ இந்த ஊரில் பேசுகிற மாதிரியே எழுதுவாள். நான் "வீடு" என்று வாய் கிழியச் சொன்னால் "ஊடு" என்று எழுதுவாள். விட்டான் என்றால் உட்டான், விழுந்தான் என்றால் உழுந்தான்.

"வீடு-ன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்கம்மா. ஊடுன்னுதான் எழுதீருக்கறன்."

தறிக்குழியிலிருந்து அவர், "புள்ள சரியாத்தான எழுதீருக்குது, எதுக்கு வையற?" என்பார். அவருக்குத்தான் எழுத்தே தெரியாதே, என்ன வந்தது நடுவில்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒருநாள் பொறுமை போய், ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தேன். "இங்க பாரு சாமி. வார்த்தை உ-ன்னு ஆரம்பிச்சா வி போடு. ஊ-ன்னு ஆரம்பிச்சா வீ போடு. அவ்வளவுதான்." அன்றைக்குப் பத்துக்குப் பத்து. ஆகா, வாத்தியார் வேலைக்கே போயிருக்கலாம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து நோட்டு வந்தது. பிரித்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன வாக்கியம், 'ஊருக்குப் போய் உப்பு வாங்கி வா. உரலில் உளுந்து ஆட்டு.' என் மகள் எழுதியிருந்தது, 'வீருக்குப் போய் விப்பு வாங்கி வா. விரலில் விளுந்து ஆட்டு.' பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. அடியில் வாத்தியார் எழுதியிருந்தார்: 'கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டில் யாரோ தவறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.'

எனக்குக் காது இரண்டும் சுட்டது. தேறினாளா, இல்லையா என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

"வாத்தியாரு என்ன எழுதீருக்கறாரு? படி," என்று அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டில் யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்." ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன். அவளுக்காக மாற்றினேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மானத்துக்காகவும்தான்.

அவர் நோட்டையே பார்த்தார். "நல்லாச் சொல்லிக் குடுத்ததுக்கா இத்தனை செவப்புக் கோடு?" என்று கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டார். "சாமி, இங்க வா. நீ படி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணால் என்னென்னவோ சைகை காட்டினேன். கழுதைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "வீட்டில்... யாரோ... த, வ, றா, க... தவறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்." வீட்டில் என்பதற்கு எவ்வளவு அழகாக வீ சொன்னாள்! அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"புள்ளைக்குப் படிப்பு வருது. பள்ளிக்கோடம் போகட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத்தான் வரல. நாளையிலிருந்து நீ வந்து தார் சுத்து."

சுற்றினேன். அவள் எட்டாம் வகுப்புத் தேறும் வரைக்கும் சுற்றினேன்.