பிரிக்காத பார்சல்

அரிமளம் போகும் சாலையில் ஓட்டு வீட்டு வாசலில் நிற்கிறது, நான் பார்க்க வந்த பழைய வண்டி. சின்ன இன்ஜின் வைத்த சீன பைக். தார் ரோட்டிலும் ஓடும், கண்மாய்க் கரையிலும் ஏறும், விலையும் என் கைக்கு எட்டும். விற்ற கம்பெனி கடையைச் சாத்திவிட்டதால் ஸ்பேர் கிடைக்காது என்று தெரிந்தேதான் வந்திருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்துகிறேன். வண்டி நிற்காமல் உருள்கிறது.

“அவுக விழுந்ததே அதனாலதாண்ணே,” என்கிறார் வண்டிக்காரரின் மனைவி, எதையும் ஒளிக்காமல். “பின் பிரேக்கு போதும்னு ஓட்டுனாக. சைனாவுலேருந்து பிரேக் பேடு வரணும்னு தெனமும் போஸ்ட்மேன் வர்ற வழியப் பாத்துக்கிட்டு இருந்தாக.”

உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வருகிறார். ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. அதன்மேல் விபூதிப் பட்டையும் காய்ந்த சந்தனமும்.

“கருமாதிக்கு மொத நா வந்துச்சு. அவுக ஆசப்பட்டதெல்லாம் படையல்ல வைக்கணும்னு பெரியவுக சொன்னாக. இதையும் வச்சேன்.”

பெட்டியை என் கையில் கொடுக்கிறார்.

“வண்டிய எடுக்குறதா இருந்தா, இத மாட்டாம வாசலத் தாண்டாதீங்க.”