மாமா தூங்கிய பகல்

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் பத்து நாள் திருவிழா நடந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். திடீரென்று அவருக்குத் தூக்கமே தேவையில்லாமல் போயிற்று. விடிவதற்குள் வாசல் சுவருக்கு மூன்று நிறம் அடித்துவிட்டார். எனக்கு சைக்கிள் என்ன, ரயிலே வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் நம்பினேன். மறுநாள் ரயிலை நிறுத்தி விலை பேசத் தண்டவாளத்தில் போய் நின்றவரை நாலு பேர் இழுத்து வந்தார்கள்.

கையைக் காலைக் கட்டியாவது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று, ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட அப்பா புது செல்போனை எடுத்தார். அம்மா ஓடிப்போய் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவைக் கூட்டி வந்தாள். அந்த அக்கா ஒரு மனநல டாக்டரை வரவழைத்தார். டாக்டர் மாமாவிடமே ஒரு மணி நேரம் பேசிவிட்டு மாத்திரை எழுதினார். ஒரு நொடியும் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் வீட்டிலேயே குணப்படுத்தலாம், நர்ஸ் தினமும் இரண்டு வேளை வருவார், கைமீறினால் ஆஸ்பத்திரிதான் என்றார்.

உடனே சோழவரத்துப் பெரியப்பா வந்தார். பொதட்டூர்பேட்டைச் சித்தி வந்தாள். மாமாவின் கூட்டாளிகள் ஷிப்ட் முடிந்து நேராக இங்கேயே வந்தார்கள். முறை போட்டுக்கொண்டு கேரம் ஆடினார்கள். காலை நாஷ்டாவுக்கு தினமும் பூரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் மாமா மாத்திரையைத் துப்பிவிட்டுக் கிளம்பினார். அப்பா வாசலை மறித்தார். மாமா கையை ஓங்கினார். அப்பாவின் கை செல்போனுக்குப் போனது. நர்ஸ் அக்கா மட்டும் நிதானமாகச் செருப்பை மாட்டினார்.

"வழி வுடுங்க சார். வாங்கண்ணே, நானும் வரேன். எங்க போவணும்?"

"ஏரிக்கு."

"சரி, பேசிக்கினே போலாம். பாப்பாவும் வரட்டும்."

ஏரிக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று முறை நடந்தோம். மாமா பேசிக்கொண்டே இருந்தார். அக்கா ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மாமா நின்றார்.

"எனக்கே பயமா கீது, சிஸ்டர்."

அக்கா மாத்திரையை நீட்டினார். மாமா வாங்கி விழுங்கினார்.

திரும்பி வந்து கேரம் ஆடினோம். சிவப்பு என்னிடம், இன்னும் ஒரே காய்தான் பாக்கி. மாமா ஸ்டிரைக்கரைப் பிடித்தபடியே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். ஜெயிக்கிற நேரத்தில் இப்படியா என்று அவரை உலுக்கப் போனேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுதாள். அப்பாகூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

மாமா தேறி அடுத்த மாதம் வேலைக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரி வண்டி வரவேயில்லை. ஆனால் அன்றைக்கு, ஒருவர் தூங்கியதற்கு இத்தனை பேர் ஏன் அழவேண்டும் என்று தெரியாமல், ஆட்டம் கெட்ட கோபத்தில் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன்.