காலேப்புக்குத் தெரியாத ரோஸ்

காலேப் என்ற பெயர் யூனிஸின் காதில் முதன்முதலாக விழுந்ததே ஒரு திட்டோடுதான். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவள் வேதியியல் சேர்ந்த புதிது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக் குடுவையை டெபோரா மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "காலேப், உன்னை டைட்ரேஷன் பண்ணச் சொன்னேனா, ரோஸ்மில்க் கலக்கச் சொன்னேனா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான்.

இந்தக் காலேப், பம்மல் ஜீவரத்தினம் வாத்தியாரின் கடைசி மகள் பியூலா பெற்ற பிள்ளை. பியூலாவுக்கு நேர் மூத்தவர் ஃபிரெடி. அவர் ரயில்வே பரீட்சை எல்லாம் எழுதித் தேறி, கடைசியில் கண் பரிசோதனையில் திரும்பி வந்தவர். கலர் பிரித்துத் தெரியாத கண். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஃபிரெடிக்கு வடக்கே போகப் பிடிக்கலை" என்றுதான் சொந்தபந்தத்தில் பேச்சு. தாய்மாமனுக்கு இருந்தது அப்படியே மருமகனுக்கும் வந்திருந்தது. கல்லூரி சேரும்போது பியூலா மகனிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் கண்ணு விஷயம் வெளியே தெரியக் கூடாது. தெரிஞ்சா மாமாவை மாதிரி உன்னையும் வாசலோட அனுப்பிடுவாங்க."

டைட்ரேஷனில் செய்வது இவ்வளவுதான். மேலே கண்ணாடிக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட், கீழே குடுவையில் இரும்பு உப்புக் கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் ஊதா மறைந்துகொண்டே வரும். மறையாமல் லேசான ரோஸ் நிற்கிற முதல் சொட்டில் குழாயை மூடி அளவைப் படிக்க வேண்டும். அந்த லேசான ரோஸ் காலேப்பின் கண்ணுக்கு வெறும் தண்ணீர். அது இருண்டு போன பிறகுதான் அவனுக்கு ஏதோ தெரியும்.

அடுத்த வகுப்பில் அவன் யூனிஸ் பக்கம் சாய்ந்து, "வந்துடுச்சா?" என்றான்.

"என்ன வந்துடுச்சா? உன் குடுவையை நீதானே பாக்கணும்?"

"பாத்துட்டேதான் இருக்கேன்."

"அப்ப ஒரு சோடாபுட்டி வாங்கிப் போட்டுக்கோ."

"அது போட்டாலும் தெரியாது யூனிஸ். பொறந்ததுலேருந்தே இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாத, ப்ளீஸ்."

அவள் சொல்லவில்லை. அவன் குடுவையில் ரோஸ் தட்டியதும் ஒரு தடவை இருமினாள். அவன் குழாயை மூடினான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலேப்பின் அளவுகள் சுத்தமாக வந்தன. டெபோரா மேடம் கூட, "பரவாயில்லையே, தேறிட்ட" என்றார். எதிர் மேசை ஜெஃப்ரிதான் சும்மா இருக்க மாட்டான். "யூனிஸ், இருமலுக்கு எங்க வீட்டு வாசல்ல ஆடாதொடை இருக்கு, பறிச்சுட்டு வரவா?" என்பான்.

செமஸ்டர் செய்முறைத் தேர்வு நல்ல மழைக்காலத்தில் வந்தது. ஷேர் ஆட்டோவில் நனைந்து நனைந்து யூனிஸுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தேர்வன்று காலேப் முதல் சொட்டுகளை விட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நிஜ இருமல் வந்தது. அவன் குழாயை மூடி அளவை எழுதினான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் கண் குழாயில்தான் இருந்தது. இரண்டாம் முறை துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள். அடைத்த இருமல் இன்னும் பெரிதாக வெடித்தது; அவன் மறுபடியும் குழாயை மூடினான். மூன்றாம் முறை ரோஸ் வந்தும், இருமுவதா வேண்டாமா என்று தயங்கியதில் சொட்டுகள் அளவைத் தாண்டிப் போய்விட்டன.

வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அவன் தாளைப் பார்த்தார். "ஒரே கரைசல், மூணு அளவு. நடுவுல உப்பு மாறிடுச்சாப்பா?"

கை நடுங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் பாஸ் மார்க் போட்டிருப்பார். அதற்குள் அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பிவிட்டார். "நீ ஏம்மா அவன் குழாயைப் பாத்துப் பாத்து இருமற?"

யூனிஸ் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பரீட்சையும் போயிற்று என்றே நினைத்தாள்.

"சார்," என்றான் காலேப். "அவளுக்கு நிஜமாவே சளி. எனக்குத்தான் ரோஸ் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கண்ணுக்குத் தெரியாது சார்."

டெபோரா மேடம் பல்லைக் கடித்தார். "இத்தனை நாள் இதை எங்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு..."

"யாருடா உன்னை அனுப்பறது!"

யூனிஸ் பாஸானாள். காலேப்புக்கு அரியர் விழுந்தது. அவள் இருமலால்தான் விஷயம் வெளியே வந்தது என்று பியூலா அதோடு யூனிஸிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் சான்றிதழோடு கல்லூரிக்கு வந்தது ஃபிரெடி மாமாதான். துறைத்தலைவர் அறையில், கதவு திறந்திருக்க, "எனக்கும் இதே கண்ணுதான் சார். என்னைத் திருப்பி அனுப்பினாங்க, நியாயம், அது சிக்னல் பாக்கிற வேலை. இவன் ரயிலா ஓட்டப் போறான்?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அதை வெளியாள் முன் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த செமஸ்டரில் காலேப்புக்கு ஒரு மீட்டர் கொடுத்தார்கள். நிறம் பார்க்க வேண்டாம். அதில் எண் சட்டென்று எகிறுகிற இடத்தைக் குறித்தால் போதும். அரியரை எழுதி முடித்தான். பட்டமும் வாங்கினான்.

இப்போது காலேப் பல்லாவரத்தில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறான்.