அப்பாவின் காலும் ஜீப்காரரின் கள்ளும்

கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஜீப் மோதி அப்பாவின் வலது கால் போனது. டிரைவர் குடித்திருந்ததை நிரூபித்தால் நஷ்டஈடு உறுதி என்றார் எங்கள் வக்கீல்.

அந்த வெயில்காலக் கோர்ட்டில் எல்லோரும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது எனக்கு.

"டிரைவர் குடிக்கலைதானே?" என்று கூண்டில் நின்ற அப்பாவைக் கேட்டார் ஜீப் முதலாளியின் வக்கீல்.

"அய்யோ, இல்லீங்க," என்றார் அப்பா.

அம்மா என் கையை இறுக்கினாள். எங்கள் ஊர்ப்பக்கம் சாராயம்தான் குடி. பனையிலிருந்து இறக்குவது தாகத்துக்கு.

எதிர் வக்கீல் சிரித்தபடி உட்காரப் போனார். அப்பா விடவில்லை.

"கள்ளு மட்டுந்தானுங்க. என் கண்ணு முன்னால ஒரு பானையை அவரே தீத்துப்போட்டாரு. பாவம், அன்னைக்கு வெயிலுங்க."

நீதிபதியின் பேனா மெல்ல நகர்ந்தது, ஓடையில் இலை போவதுபோல.

வெளியே, "இனி ஜெயிச்ச மாதிரிதான்," என்று எங்கள் வக்கீல் அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா அக்குள் கட்டையில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்க, அந்தாளை நான் காட்டிக் குடுத்துட்டனுங்களா?"