டிராகனின் தாடைக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், வீட்டை வாங்கிய டாக்டர் ஆன்ட்டி, பழைய கட்டடங்களைப் பழையபடி ஆக்கித் தரும் இங்கிலாந்துக்காரப் பெரியவர், டவுன்ஷிப் ஆபீசிலிருந்து கடைசிப் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள். நான்கு பேர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நியூ ஜெர்சிக் கடற்கரையில் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மேலே வெங்காயம் வெங்காயமாகக் கோபுரங்கள். உள்ளே, கூரை முழுக்க இறக்கை விரித்த ஒரு டிராகன், அதன் காலில் தொங்கும் சரவிளக்கு. இங்கிலாந்தில் ஒரு ராஜா கடலோரம் கட்டிய அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த பிஸ்கட் வியாபாரி ஒருவர், அதையே சின்னதாக இங்கே கட்டிக்கொண்டாராம். ஒரு புயலில் கடல் உள்ளே புகுந்து, பூஞ்சை பிடித்து, வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஆன்ட்டி அதை வாங்கிக் கல்யாண மண்டபமாக்க நினைத்தார்.

பூச்சும் பெயின்ட்டும் எங்களுக்குக் கிடைத்தன. அதுவரை எடிசன், ஐசலின் ஊர்ப்பக்கம் யார் யாரிடமோ கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தன் பெயரில் எடுத்த முதல் கான்ட்ராக்ட் அது. டிராகனுக்குத் தங்க ரேக்கு ஒட்டும் வேலை என்னுடையது. ரேக்கு மெல்லிய தங்கத் தாள்; காற்றுப் பட்டாலே பறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து அடுத்து என்ன வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே இருப்பவள் நான். ரேக்கு முழுவதையும் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தோம். கடைசித் தவணை வந்தால்தான் அதை அடைக்க முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் அந்த அசல் அரண்மனையின் கதையைச் சொல்வார். ஆன்ட்டி எனக்குத் தமிழில் சொல்வார்.

"கடன்லயே கட்டியிருக்கான்மா அந்த பிரின்ஸ். நம்ம ஊர்க் கல்யாணம் மாதிரி."

வெளியே நம் நாட்டுக் கோபுரம், உள்ளே சீனத்து டிராகன். வரைந்தவர் இரண்டு நாட்டையும் பார்த்ததில்லையாம். பிறகு வந்த ராணிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்த்து எடுத்துக்கொண்டு வெறும் கூட்டை ஊருக்கு விற்றுவிட்டார்கள். பெரிய யுத்தத்தின்போது காயம்பட்ட நம் சிப்பாய்களை அங்கேதான் படுக்க வைத்திருந்தார்களாம். வலியில் கண் திறந்தால் மேலே டிராகன். பாவம், என்ன நினைத்திருப்பார்கள்!

பெரியவர் வாலிபத்தில் அங்கே வேலை பார்த்தவர். பாட்டுக் கச்சேரி அறைக்கு எவனோ தீ வைத்துவிட்டான். கூரையைத் திரும்பச் செய்து, கம்பளத்தைத் திரும்ப நெய்து, வருஷக்கணக்கில் பாடுபட்டு முடித்தார்கள். ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. உடனே ஒரு புயல். கோபுரத்தின் மேலிருந்த கல் உருண்டை கழன்று, புதுக் கூரையைப் பொத்துக்கொண்டு, புதுக் கம்பளத்தின் மேல் வந்து விழுந்தது.

எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அது திருஷ்டி இல்லாமல் வேறென்ன? இங்கேயும் வருகிறவர்கள் எல்லாம் டிராகனைப் பார்த்து 'வாவ்' என்றுதான் ஃபோனைத் தூக்குகிறார்கள். கடலும் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஆன்ட்டி, வாசல்ல ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டிடலாமா?"

"ஹிஸ்டாரிக் ஹவுஸ்ல பூசணிக்காயா? ஹாலோவீனுக்கு வேணா வச்சுக்கோம்மா."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பரிசோதனைக்கு முந்தின நாள் சாரத்தில் ஏறி, என் கண்மையை விரலில் தொட்டு, டிராகனின் தாடைக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தேன். குழந்தைக்கு வைப்பதுபோலத்தான். கீழிருந்து தெரியாது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் டார்ச்சோடு சாரத்தில் ஏறினார். நேரே தாடைக்குப் பின்னால் போய் நின்றார்.

"மோல்டு," என்றார்.

பூஞ்சையாம். அவர் பொட்டின் மேல் டேப் ஒட்டி எடுத்து ஒரு பையில் போட்டார். பூச்சு காயும் முன்பே ரேக்கு ஒட்டினீர்களா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். ஒவ்வொரு சுவரையும் மெஷின் வைத்து ஈரம் பார்த்த மனுஷன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொப்பியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, அது பூஞ்சை இல்ல. மை. நான்தான் வச்சேன்."

"என்ன மை?"

"கண்மை."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், டிராகனைப் பார்த்தார். "அடிப்பாவி, டிராகனுக்கே மேக்கப்பா? லிப்ஸ்டிக்கும் போட்டிருக்கலாமே!" பிறகு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. குறிப்பில் ஏறிவிட்டது, லேபுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்.

 வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, டோல் தாண்டியபிறகு, என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தை கேட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வைக்க விட்டிருப்பீங்களா?"

மை என்றே ரிசல்ட் வந்தது. டெஸ்ட் செலவு அறுநூறு டாலரைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்வதாக ஆன்ட்டி சொன்னார். நியாயம்தான். ஆனால் பெரியவர் விடவில்லை. புதுப்பிக்கிற இடத்தில் முன்பு இல்லாத ஒன்றும் இருக்கக் கூடாதாம். ரேக்கு உரியாமல் துடைக்க ஒட்டியவளால்தான் முடியும் என்று என்னையே வரச் சொன்னார்.

"துடைச்சிட்டு வாம்மா, செக் ரெடியா இருக்கு," என்றார் ஆன்ட்டி ஃபோனில்.

போனோம். சாரத்தைப் பிரித்துவிட்டார்கள்; உயர ஏணியைப் போட்டு என் வீட்டுக்காரர் கீழே பிடித்துக்கொண்டார். பஞ்சோடு ஏறினேன். அன்று மாலை புயல் வரும் என்று ஃபோன் கத்திக்கொண்டே இருந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. பொட்டு இருந்த இடத்தில், டேப் எடுத்தது போக, மங்கலாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் தலைக்கு நேர் மேலே, கோபுரத்தின் உச்சியில், இங்கேயும் ஒரு கல் உருண்டை இருக்கிறது.

இறங்கினேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார்.

"பஞ்சு வெள்ளையா இருக்கே?"

"இந்தப் புயல் போகட்டுங்க."

அவர் ஏணியை மடக்கினார்.

அந்தப் புயலில் பக்கத்து வீட்டுக் கூரை ஓடுகள் பறந்தன. எங்கள் டிராகனுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு பனி வந்தது, பிறகு இன்னொரு காற்று. மூன்று கல்யாணங்கள் நடந்துவிட்டன. கார்டுக்கு மாதாமாதம் வட்டியோடு கட்டுகிறோம். ஆன்ட்டி ஃபோன் செய்தால், "துடைச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த வாரம் என்கிறேன். வானிலை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னும் வர வேண்டியது நாலாயிரத்து இருநூறு டாலர்.