மனுவின் பின்னால் நின்ற பலாமரம்

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நிற்கும் பலாமரத்தில் ஒரு நாள் காலை சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டம் விழுந்த மரம் வெட்டப்படும் என்பது எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும். கிளைகள் மின்கம்பியைத் தொடுகின்றனவாம். நியாயமான காரணம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி காடாம்புலியூரிலிருந்து, தன் அம்மா வீட்டுப் பழத்தின் கொட்டையைக் கொண்டுவந்து போட்டு வளர்த்த மரம் அது. அன்று என் காபியில் சர்க்கரை இல்லை. ஏன் என்று கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

அவள் எங்கள் பிளாக் பெண்கள் சங்கத்தின் செயலாளர். சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"கெளைய வெட்டிக்கட்டும். மரத்த உட்டுடணும். நாளைக்கு எல்லாரும் போயி மனு குடுக்கப் போறோம். வெறும் தாள்ல குடுத்தா யாரு மதிப்பாங்க? சங்கத்துக்குன்னு ஒரு லெட்டர்பேடு பண்ணிக் குடுங்க. எழுத்துக்குப் பின்னால மங்கலா ஒரு படம் தெரியணும்."

நான் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவன். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச் சென்ற லேப்டாப்பில் ரயில் டிக்கெட் எடுப்பதோடு என் கணினி ஞானம் முடிந்தது. ஆனாலும் முடியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடம் கிடையாது. அதனால் பட்ட அவதிகள் தனிக் கதை.

படத்தைத் தாளின் நடுவில் ஒட்டி, அதன்மேல் எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு வரி அடிக்கும்போதும் படம் கீழே நழுவியது. மனுவின் 'பொருள்' வருவதற்குள் அடுத்த பக்கத்துக்கே போய்விட்டது. மறுபடி இழுத்து வந்தேன், மறுபடி போனது. கடைசியில் வீராப்பை விட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"எழுதுற எடத்துல படத்த வைக்காதீங்கப்பா. பக்கத்தோட மேல் விளிம்புல ரெண்டு தடவ கிளிக் பண்ணுங்க, ஹெட்டர் திறக்கும். அதுக்குள்ள படத்த வச்சு, எழுத்துக்குப் பின்னால அனுப்பி, வெளுப்பாக்கி மூடிடுங்க. எத்தன பக்கம் எழுதினாலும் அங்கயே நிக்கும்."

நின்றது. வரிவரியாக அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அச்செடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னா படங்க இது?"

"நம்ம பக்கெட் வீல்!"

சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் அந்த ராட்சத இயந்திரம் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. ஓய்வு விழா அழைப்பிதழோ விளையாட்டுப் போட்டிக் கேடயமோ, அதன் படம் இருந்தே தீரும். கௌரவமான படம் என்றதும் வேறொன்று எனக்குத் தோன்றவேயில்லை.

"மரத்த வெட்டாதீங்கன்னு எழுதிட்டு, பின்னால தோண்டுற மிஷின நிறுத்தி வச்சிருக்கீங்களே! ஆட்டுக்குட்டியக் காப்பாத்துங்கன்னு எழுதி, கறிக்கடைக்காரர் படத்தப் போட்டாப்பல இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

மாற்றலாம் என்று உட்கார்ந்தால் இயந்திரம் நகர மாட்டேன் என்றது. எங்கே கிளிக் செய்தாலும் எழுத்துதான் பிடிபட்டது. அவ்வளவு கெட்டியாக நிறுத்தியிருக்கிறேன்! எரிச்சலில் லேப்டாப்பை மூடப் போனபோதுதான் மகள் சொன்ன ஹெட்டர் ஞாபகம் வந்தது. வைத்த இடத்தில்தானே எடுக்க வேண்டும்.

என் போனில் பலாமரத்தின் படம் ஒன்று இருந்தது. அதையே வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்ய, அதுல நான் இருக்கேன். பொடவைய இழுத்துச் சொருவிகினு, தண்ணி பக்கெட்டும் கையுமா. என்ன எடுத்துடுங்க."

அவளை எடுத்தால் அடிமரத்தில் பாதி போய்விடும். வெளுப்பாக்கிக் காட்டினேன். மரம் மங்கலாகத் தெரிந்தது. வேரடியில் அவள் புகை போல ஆகிவிட்டாள். "யாருக்கும் தெரியாது" என்றேன். அரை மனதாகச் சம்மதித்தாள்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தோட்டப் பிரிவு அதிகாரி ஒருவர் வந்து, தாளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பிப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவத்தில் பழுத்த முதல் பழத்தை அவள் பிளாக் முழுக்கப் பங்கு வைத்தாள். எனக்கு இரண்டே சுளைதான் கிடைத்தது.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மரம் அடுத்து வரும் குடும்பத்துக்குத்தான். போன வாரம் தெருவிளக்குக்காகச் சங்கத்தின் கடிதம் ஒன்றை அதே லெட்டர்பேடில் அச்செடுத்தபோது மனம் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"வர்றவங்க அதுக்குத் தண்ணி ஊத்துவாங்களோ என்னமோ."

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வேரடியில் இருந்த அந்த வெளிறிய புள்ளியைத் தேடி விரலை வைத்தாள்.

"அதான் நான் ஊத்திகினு நிக்கிறனே. என்ன எடுத்துடாதீங்க."