டில்லிபாபுவின் ஒரு சாண்

காலை ஆறு மணிக்கு முதல் கம்பெனி பஸ் வருவதற்குள் டில்லிபாபு வாசலுக்கு வந்துவிடுவார். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் இடதுபக்கம் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் குந்துவார். வலது கையை வண்டிக்கு அடியில் நீட்டுவார். கட்டைவிரலைத் தரையில் ஊன்றி மற்ற விரல்களை மேலே விரித்தால், சுண்டுவிரலின் நுனி வண்டியின் வயிற்றோடு ஓடும் புகைக்குழாயைத் தொடும். தொட்டபின் ஒரு கணம் அப்படியே வைத்திருப்பார், நாடி பார்ப்பதுபோல. பிறகு விரலில் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தோள் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஒரு சாண். நேற்றும் ஒரு சாண்தான். நாளைக்கும் அதுவே இருக்கும். இருந்தும் அளப்பார்.

மாடியில் நாங்கள் ஆறு பேர் வாடகைக்கு இருந்தோம். எல்லாரும் தெற்கிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். மூன்று ஷிப்ட். ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்த நாள் நினைவில் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் எனக்கு உடனே தூக்கம் வராது. ஒரு கவிதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நிற்பேன். அங்கிருந்துதான் அந்த அளவெடுப்பைப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் அவரிடம் நான் பேசியது மொத்தமும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. இந்த வல்லம் வடகால் ஊரிலேயே பிறந்தவர். ஒரு கம்பெனியின் கேட்டில் பகல் செக்யூரிட்டியாக இருந்தார். வீட்டம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது என்று தெரியும். கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது. ஏதோ நோயாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரே மகள் மதிவதனி, ஓசூரில். இரண்டு பிள்ளைகள்.

காரை அவர் வாங்கிய கதையைத் தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கும் கங்கா அக்கா சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் மருமகன் தன் புதுக் காரில் குடும்பத்தோடு வந்தாராம். தாழ்வான கார். வீட்டுக்கு நாற்பது அடி முன்னால், தெருவின் குறுக்கே ஒரு வேகத்தடை இருக்கிறது. குட்டிச்சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கார் அதில் ஏறி, நடுவயிறு இடித்து, ஆயில் கொட்டிவிட்டது.

"மாப்ளயோட அம்மா எறங்கி நின்னுகினு ஒரு பேச்சு பேசிச்சி பாரு," என்றார் கங்கா அக்கா. "மனுசங்க வந்து போற வூடா இது, வாசல்ல மலைய கட்டி வச்சிகிறாங்கன்னுச்சி. டில்லி அண்ணன் வாயே தொறக்கல. அன்னிக்கி போனவங்கதான்."

அதற்குப் பிறகு அவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை குன்றத்தூர் மலைக்கோவிலுக்கு வருவார்கள். மலையடிவாரத்தில் இவர் போய்ப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். அந்த வருத்தத்தில்தான் இந்த ஏழு சீட் கார். உயரமான வண்டி என்று ஷோரூமில் சொன்னார்களாம். விளம்பரத் தாளில் இருபது சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. அந்தத் தாளை மடித்து வண்டிக்குள்ளேயே வைத்திருந்தார்.

தை மாதத்தில் சின்னவளுக்குக் குன்றத்தூரில் காது குத்து என்று முடிவானது. முடிந்ததும் எல்லாரையும் இந்தக் காரிலேயே வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போடவேண்டும் என்பது அவர் ஆசை. சம்பந்தியம்மா இருக்கும்போது வண்டி அந்த வேகத்தடையில் தட்டவே கூடாது. தட்டினால் இனி ஒருவரும் வரப்போவதில்லை.

ஒரு காலை அவர் அளந்துவிட்டு எழுந்தபோது நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"ஐயா, காலியா இருக்கும்போதுதானே அளக்கறீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஆள் ஏறினா இறங்கிரும்லா? ஸ்பிரிங் அமுங்கும்."

கம்பெனியில் என் வேலை அளவு பார்ப்பது. பாரம் ஏற்றாத அளவை நாங்கள் அளவாகவே எழுதமாட்டோம். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி ஏழு மாதம். அவரைத் தவிர அதில் ஒருவர் கூட ஏறியதில்லை. அது அவருக்குத் தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத்தான் அன்று முழுக்க உறுத்தியது.

அன்று மாலையே ஸ்பீக்கரைப் போட்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பெரியவன் எவ்ளோ வெயிட்டு கீறான்?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

"பதினெட்டு. சின்னது பன்னெண்டு."

"மாப்ள?"

"இன்னாப்பா நீ, ஆடு வாங்கறவங்க மாதிரி கேக்கற? எழுவது இருப்பாரு. நானு அறுவது. எங்க மாமியார மட்டும் கேட்டுத் தொலைக்காத."

மறுநாள் ஞாயிறு. காலையில் அவர் மாடிக்கே வந்தார். வாசலில் நின்று தயங்கி, "தம்பி, அந்த இரும்பு ஸ்கேலு எடுத்துகினு கொஞ்சம் வர்றியா?" என்றார். "நான் உள்ள உக்காந்துட்டா யாரு அளக்கறது?"

என் அறையில் இருக்கும் நயினாரும் கூடவே இறங்கினான். சங்கரன்கோவில்காரன். அவனால் சும்மா இருக்கமுடியாது.

காருக்குப் பக்கத்தில் பதின்மூன்று தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. நாங்கள் குடித்து வைத்த காலிக் கேன்கள். போர் தண்ணீர் பிடித்து மூடியிருந்தார். நிறைத்தால் ஒவ்வொன்றும் இருபது கிலோ; இரண்டை மட்டும் பாதி நிரப்பியிருந்தார்.

"எதுக்கய்யா கேனு? மாடியில நாங்க ஆறு தடிப்பயலுவ இருக்கோம்லா?" என்றான் நயினார்.

"ரெண்டு பேரு தூங்கறான், ரெண்டு பேரு ஷிப்ட்ல கீறான்," என்றார். "அப்பறம் உங்க வெயிட்டு வேற, அவுங்க வெயிட்டு வேற."

மகளுக்கு மூன்று கேன், நடு சீட்டில் ஜன்னலோரம். மருமகனுக்கு மூன்றரை. பெரியவனுக்கு ஒன்று. சின்னவளுக்கு அரை கேன், மகளை ஒட்டியே. அந்த அரை கேனை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தூக்கி வைத்தார். வண்டி ஆடினால் சாயும் என்று பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டார்.

மீதி நாலு கேன் கீழே நின்றது.

"இது யாரு?" என்றான் நயினார்.

"சம்பந்தியம்மா. முன்சீட்டு."

"நாலா? பாத்துச் சொல்லும். பொறவு நேர்ல வந்து நிக்கையில அஞ்சா இருந்திரப் போவுது."

டில்லிபாபு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "உன் வாய் கீதே," என்றபடி அந்த நாலையும் முன்சீட்டில் ஏற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்தார். நீலக் கேன்கள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

நான் தரையில் படுத்து ஸ்கேலை நிறுத்தினேன். பதினாறரை.

"இன்னாப்பா?"

"மூணரை இறங்கியிருக்கு ஐயா."

வேகத்தடைக்குப் போய், அதன் முதுகில் ஒரு நேரான கம்பைக் கிடத்தி, கம்புக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை எடுத்தேன். பதினேழரை. ஒரு சென்டிமீட்டர் இடிக்கும். டில்லிபாபு இறங்கித் தானும் குந்தி, வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். சாண் விரியவில்லை. விரல்கள் மடங்கி நின்றன.

அந்த வாரம் விடுமுறை போட்டு ஒரகடம் கூட்டுரோட்டில் சாம்சன் ஒர்க் ஷாப்புக்கு வண்டியை எடுத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார். சாம்சன் வண்டியை லிப்டில் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வேல பண்ணலாம்ணா. நாலு ஸ்பிரிங்குக்கும் கெட்டி வட்டு ஒண்ணு வச்சா ரெண்டு சென்டி ஏறும். டயர ஒரு சைஸு பெருசா போட்டா இன்னொண்ணு. மொத்தம் மூணு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஏத்துனா வளைவுல வண்டி ஆடும்ணா. சக்கரத்துக்குப் போற ராடு சாஞ்சி ரப்பர் கிழிஞ்சிடும். கொழந்தைங்க உக்கார்ற வண்டி. வாணாம்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "எனக்கு ஒண்ணு பிரியல. இவ்ளோ வேல எதுக்கு? ஒரு உளி எடுத்துகினு போயி அந்தத் தடைய ரெண்டு விரக்கட கொத்தி விட்டா முடிஞ்சிச்சி. கவருமெண்டு கட்ன மாதிரியும் இல்ல அது. எவன்யா அவ்ளோ ஒசரத்துக்குக் கட்டுனது?"

டில்லிபாபு லிப்டில் தொங்கும் வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தினம் விரலால் தொட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

"அது இருக்கட்டும்," என்றார். "நீ வண்டிய தூக்கு."

மாலை வண்டி வந்தது. புது டயரும் வட்டும் சேர்ந்து, கொஞ்சம் கால் நீண்ட பையனைப்போல நின்றது. மறுபடி அதே கேன்கள், மறுபடி பெல்ட். இப்போது பத்தொன்பதரை. அப்படியே ஓட்டி வேகத்தடையில் ஏற்றினார். நான் ஓரத்தில் குந்தி, காதை வண்டியின் வயிற்றுக்குக் கொடுத்தேன். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. நடுவயிறு தடையைத் தாண்டியது. உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டுச்சா?"

"இல்லய்யா."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன். தட்டல."

இன்னும் இரண்டு முறை போய் வந்தார். பிறகு கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். அரை கேனைக் கடைசியில்.

காது குத்து ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையிலேயே வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துக் கிளம்பினார். கங்கா அக்கா சமைத்துக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஆறு இலைகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார். நானும் நயினாரும் மாடியில் நின்றோம். அவன் என்னைவிடப் பதற்றமாக இருந்தான். "தட்டிச்சுன்னு வையி, நா அந்த சம்பந்தியம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன் வே," என்றான்.

பன்னிரண்டரைக்கு வண்டி தெருவில் திரும்பியது. உள்ளே தலைகள் தெரிந்தன. முன்சீட்டில் சம்பந்தியம்மா, நாலு கேன் சரியாகத்தான் இருந்தது. வேகத்தடைக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

பின்கதவு திறந்தது. மதிவதனி, மொட்டைத்தலையோடு இருந்த சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்து மருமகனும் இறங்கினார். "எல்லாரும் எறங்குங்க, வண்டி லேசா போவட்டும்," என்றார். சம்பந்தியம்மா கதவைப் பிடித்து மெதுவாகக் காலை ஊன்றினார்.

டில்லிபாபு ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். "வாணாம் மாப்ள, போவும். உக்காருங்க. பாத்துட்டேன், போவும்."

"பரவால மாமா, நாலடிதான. எதுக்கு ரிஸ்க்கு?"

"போவும் மாப்ள..."

அதற்குள் பெரியவனும் குதித்து இறங்கிவிட்டான். டில்லிபாபு பின்னால் திரும்பிக் காலிச் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு, காலி வண்டியை வேகத்தடையின் மேல் ஏற்றி இறக்கினார். அடியில் ஒரு பூனை படுத்திருந்தாலும் எழுந்திருக்காது.

மற்றவர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். மதிவதனி மட்டும் பின்தங்கி, ஒரு கையால் செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தடையின் ஓரமாகத் தாண்டினாள். வார் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா குறை எதுவும் சொல்லவில்லை என்று கங்கா அக்கா பிறகு சொன்னார். நாலு மணிக்கெல்லாம் புறப்பட்டார்கள். அப்போதும் தடைக்கு அந்தப்பக்கம் நடந்துபோய்த்தான் ஏறினார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டில்லிபாபு வாசலுக்கு வந்தார். குந்தினார். கையை அடியில் நீட்டி, கட்டைவிரலை ஊன்றி, விரித்தார். காலி வண்டி இப்போது இருபத்து மூன்று. சுண்டுவிரல் எதையும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, கரி இல்லாத விரலைப் பழக்கத்தில் துண்டில் துடைத்துக்கொண்டார்.

ஆனி மாதம் தெருவுக்குப் புது ரோடு போட ஆட்கள் வந்தார்கள். டில்லிபாபு டியூட்டிக்குப் போயிருந்தார். வேகத்தடையை உடைக்க மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் பார்க்கும் எல்லப்பன் எங்கிருந்தோ ஓடிவந்து அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கேயே நின்றுவிட்டேன்.

"இத்த தொடாத சார்," என்றார் எல்லப்பன், மேஸ்திரியிடம். "ஒம்போது வருசம் முன்ன ஷிப்ட் பஸ்ஸு ஒண்ணு குறுக்கு வழின்னு இந்தத் தெருவுல பூந்து வந்திச்சி. டில்லி சம்சாரம் பால் வாங்கினு வந்துது. இந்த எடந்தான். தடை போடுங்கன்னு மனு குடுத்து குடுத்துப் பாத்தான், ஒண்ணும் நடக்கல. அவனே ஆள் வச்சிக் கட்டுனான். நாலு விரக்கட போதும்னாங்க. டில்லி இங்க குந்திகினு, கட்டவிரல ரோட்டுல ஊனி, கைய மேல விரிச்சிக் காட்னான். இவ்ளோ வேணும்னு. ஒரு சாண். வண்டி ஏறி ஏறித் தேஞ்சிதான் இப்ப இவ்ளோ கீது."